வீட்டைப் புதுப்பிக்கும்போது கேபிளா, வைஃபையா: சுவர் மூடப்படுமுன் முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டைப் புதுப்பிக்கத் திட்டமிடுவோர் சமையலறை மேடையின் உயரம், குளியலறை டைல்ஸின் நிறம், மின்விளக்குகளின் இடம் ஆகியவற்றைப் பற்றி வாரக்கணக்கில் பேசுகிறார்கள். வீட்டு நெட்வொர்க்கைப் பற்றிய பேச்சோ, வண்ணப்பூச்சு காய்ந்த பிறகு ரவுட்டரை எங்கே வைப்பது என்று தேடும்போதுதான் எழுகிறது. அதற்குள் தேர்வு கைநழுவிப் போயிருக்கும். வைஃபை கருவிகளை எந்த நாளிலும் வாங்கி மாட்டலாம், பிடிக்காவிட்டால் மாற்றலாம். சுவருக்குள் கேபிள் கொண்டுபோவது மட்டும் சுவர் திறந்திருக்கும் அந்தச் சில வாரங்களில்தான் எளிது. ஆகவே இவ்விரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு விடை தேடும்போது, எது வேகமானது என்பதைக் காட்டிலும், எதைப் பின்னால் செய்ய முடியாது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். கீழே வரும் படிகள் அந்த நோக்கில், வேலை நடக்கும் வரிசையிலேயே அமைந்துள்ளன.

தேர்வுக்கு முன் தெரிந்திருக்க வேண்டியது

வைஃபையில் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தும் கருவிகள் அனைத்தும் காற்றைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு கருவி பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ரவுட்டர் அதே சேனலில் இருந்தால் அதற்கும் சேர்த்துக் காத்திருக்க வேண்டும். கேபிளில் இந்தக் காத்திருப்பு இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பாதை உண்டு, அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். சாதாரண கிகாபிட் கேபிள் இணைப்பில் இரு திசையிலும் ஏறத்தாழ 940 மெகாபிட் வேகம் நாள் முழுவதும் நிலையாகக் கிடைக்கும். இரண்டு ஆன்டெனா கொண்ட வைஃபை 6 மடிக்கணினி 80 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் 1201 மெகாபிட் என்று காட்டினாலும், அதே அறையில் கையில் கிடைப்பது 600 முதல் 800 வரைதான். இரண்டு சுவர் தாண்டினால் அது இன்னும் வெகுவாகக் குறையும். வேகத்தைவிட முக்கியமான வேறுபாடு தாமதத்தில் இருக்கிறது. வீட்டுக்குள் கேபிள்வழித் தாமதம் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு. வைஃபையில் அது சில மில்லிசெகண்டுகளில் தொடங்கி, நெரிசலின்போது தாறுமாறாக ஏறி இறங்கும். காணொளி அழைப்பில் குரல் வெட்டுப்படுவதற்கும் இணைய விளையாட்டில் திரை தயங்குவதற்கும் பெரும்பாலும் இந்த ஏற்றத்தாழ்வே காரணம்.

இதை வைத்துக்கொண்டு வீடு முழுவதையும் கேபிளால் நிரப்ப வேண்டும் என்று சொல்ல வரவில்லை. கைப்பேசியில் கேபிளைச் செருகிக்கொண்டு யாரும் நடமாட முடியாது. கதவு உணரிகள், விளக்குகள், பொம்மைகள் போன்றவற்றில் கேபிள் துளையே இருக்காது. இடம் மாறாத கருவி கேபிளில், கையோடு நகரும் கருவி வைஃபையில் என்று பிரித்துக்கொண்டால் முக்கால்வாசி முடிவுகள் தாமாகவே வந்துவிடும். மீதிக் கால்வாசிதான் சற்றுக் குழப்பம் தரும். தொலைக்காட்சிப் பெட்டி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு: பல தொலைக்காட்சிகளின் கேபிள் துளை 100 மெகாபிட்டுக்கு மேல் போகாது என்பதால், வேகச் சோதனையில் வைஃபை முந்திக்கொள்வதுண்டு. அதைக் கண்டு கேபிளைப் பிடுங்கிவிட வேண்டியதில்லை. உயர்தர 4கே ஒளிபரப்புக்கே 25 மெகாபிட் அளவு போதும். தொலைக்காட்சி காற்றிலிருந்து விலகினால், அந்த இடம் கைப்பேசிகளுக்குக் கிடைக்கும்.

முதல் படி: சுவர்களை அறிதல்

இடிக்கும் வேலை தொடங்குமுன், இப்போதைய ரவுட்டரை வைத்தே வீட்டை ஒரு முறை அளந்துவிட வேண்டும். கைப்பேசியில் வைஃபை சிக்னல் வலிமையைக் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து, அறை அறையாக நின்று எண்களைக் குறித்துக்கொள்ளவேண்டும். அளவு டிபிஎம் என்ற அலகில், எதிர்மறை எண்ணில் வரும்; பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் வலுவானது என்று பொருள். மைனஸ் 67 டிபிஎம் அல்லது அதைவிட நல்ல நிலை இருந்தால் காணொளி அழைப்பு தடையின்றி நடக்கும், மைனஸ் 80க்குக் கீழே போனால் இணைப்பு பெயருக்குத்தான் இருக்கும். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் தனித்தனியே அளப்பது அவசியம். திறந்த வெளியிலேயே 5 கிகாஹெர்ட்ஸ் அலை, அதே தூரத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸைவிட ஏறத்தாழ 6 முதல் 7 டெசிபெல் கூடுதலாக இழக்கும், அதாவது வந்து சேரும் ஆற்றல் கால் பங்காகவோ அதற்கும் கீழாகவோ இருக்கும். சுவர்கள் குறுக்கிட்டால் இந்த வேறுபாடு மேலும் பெருகும். 6 கிகாஹெர்ட்ஸின் நிலை இன்னும் மோசம்.

மரச்சட்டத்தில் அட்டைப் பலகை அடித்த சுவர் அலைகளைப் பெரிதாகத் தடுக்காது. செங்கல் சுவர் ஓரளவு விழுங்கும். இரும்புக் கம்பி கட்டிய கான்கிரீட் சுவரும் தளமும்தான் பெரிய தடை. ஆகவே ஒரு மாடியில் வைத்த ரவுட்டர் அடுத்த மாடிக்குப் போதும் என்று நம்பியிருக்கக் கூடாது. புதுப்பிக்கும்போது புதிதாகச் சேர்பவற்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். வெப்பத்தைத் தடுக்க உலோகப் படலம் பூசிய ஜன்னல் கண்ணாடி, அலுமினியத் தாள் ஒட்டிய வெப்பத்தடுப்புப் பலகை, சுவர் அளவு முகம் பார்க்கும் கண்ணாடி, தரைக்கு அடியில் போடும் உலோக வலை, தண்ணீர்த் தொட்டி ஆகிய ஒவ்வொன்றும் அலைக்குக் குறுக்கே நிற்கும். பழைய வீட்டில் நன்றாக எட்டிய வைஃபை, புதுப்பித்த பிறகு எட்டாமல் போவதற்குப் பல வீடுகளில் இவையே காரணம்.

இரண்டாம் படி: எங்கெங்கே கேபிள் முனை வேண்டும்

தளவரைபடத்தின் நகல் ஒன்றில், கேபிள் வந்து முடியவேண்டிய இடங்களைக் குறிக்கவேண்டும். வேலை செய்யும் மேசை, தொலைக்காட்சிக்குப் பின்புறம், விளையாட்டுப் பெட்டி, கோப்புகளைச் சேமிக்கும் கருவி, கண்காணிப்புக் கேமராக்கள், வாசல் அழைப்புமணி என்று எளிதில் நினைவுக்கு வருபவை இவை. பலர் விட்டுவிடுவது கூரையை. கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் என்ற பெட்டி உட்காரப் பொருத்தமான இடம், ஒவ்வொரு மாடியின் நடுப்பகுதியிலும் உள்ள கூரை. ஆனால் அங்கே கேபிள் இல்லாவிட்டால் அந்த இடத்தைப் பயன்படுத்தவே முடியாது. நல்ல வைஃபை வேண்டும் என்பவருக்கும் கேபிள் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

ஒவ்வொரு சுவர் முனைக்கும் இரண்டு கேபிள் இழுப்பது நல்லது. ஒன்று பழுதானால் மற்றொன்று இருக்கும், மேசையில் இரண்டாவது கருவி வந்தால் கூடுதல் ஸ்விட்ச் (ஒரு நெட்வொர்க் இணைப்பைப் பல கருவிகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) தேவைப்படாது. வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும்போது இரண்டாவது கேபிளுக்கான கூடுதல் உழைப்பு மிகக் குறைவு. பணமோ நேரமோ இறுக்கமாக இருந்தால் எதை முதலில் காப்பாற்றுவது என்று கேட்டால், என் வரிசை இது: கூரையின் ஆக்சஸ் பாயின்ட், வேலை மேசை, அதன் பிறகே தொலைக்காட்சி. கூரைக்குப் போகும் ஒற்றைக் கேபிள், வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளுக்கும் பயன்படும்.

மூன்றாம் படி: எல்லாக் கேபிளும் சேரும் இடம்

கேபிள்கள் அனைத்தும் ஒரே இடத்திலிருந்து கிளம்பி, ஒவ்வொன்றும் தன் முனைக்கு நேராகப் போய்ச் சேரவேண்டும். இதை எலக்ட்ரீஷியனிடம் வாயால் சொன்னால் போதாது, வரைபடத்தில் வரைந்தே காட்டவேண்டும்; ஏனெனில் மின் பிளக்குகளை ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எடுத்துச் செல்லும் பழக்கத்தில், நெட்வொர்க் கேபிளையும் அவ்வாறே தொடராகக் கோத்துவிடுவது நடக்கிறது. அப்படிக் கோத்த கேபிள் வேலை செய்யாது.

சேரும் இடத்துக்கு ஒரு சிறிய அலமாரி போதும். அங்கே மின் இணைப்பு இருக்கவேண்டும், காற்றோட்டம் இருக்கவேண்டும், சமையலறை நீராவியும் குளியலறை ஈரமும் எட்டக் கூடாது. இணையச் சேவையின் கேபிள் வெளியிலிருந்து உள்ளே வரத் தனிக் குழாய் ஒன்று இங்கே முடிவடையவேண்டும். நாளை சேவையை மாற்றினாலும் சுவரைத் துளைக்க வேண்டியிருக்காது. உலோக அலமாரி என்றால், வைஃபை தரும் ரவுட்டரை அதற்குள் பூட்டிவைப்பதில் பொருளில்லை. ஸ்விட்ச், மோடம் ஆகியவை உள்ளே இருக்கட்டும், வைஃபை வெளியே வரட்டும்.

நான்காம் படி: குழாய்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்றக்கூடியவர் இதைப் பின்பற்றட்டும். இன்று பதிக்கும் கேபிள் என்றாவது பழசாகும், எலி கடிக்கும், ஆணி இறங்கும். குழாய்க்குள் இருக்கும் கேபிளை உருவிவிட்டுப் புதியதை இழுக்கலாம். பூச்சுக்குள் நேராகப் புதைத்த கேபிளை அங்கேயே கைவிடத்தான் வேண்டும். பின்னாளில் கண்ணாடி இழைக் கேபிள் வேண்டுமென்றாலும் அதே குழாய் வழிவிடும்.

நெட்வொர்க்குக்கு 25 மில்லிமீட்டர் குழாயைக் குறைந்த அளவாகக் கொள்ளலாம். குழாயின் உட்பரப்பில் 40 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது பொதுவான நடைமுறை. கேட் 6 என்ற வகை நெட்வொர்க் கேபிளின் விட்டம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் என்பதால் கணக்குப்படி ஐந்து கேபிள் வரை போகும். வளைவுகள் உள்ள பாதையில் மூன்றோ நான்கோடு நிறுத்திக்கொள்வது இழுப்பவரின் கைக்கும் கேபிளுக்கும் நல்லது. திருப்பங்களில் கூர்மையான எல்போ வைக்காமல், அகன்ற வளைவுகளையே பயன்படுத்தவேண்டும். இழுக்கும் இரு புள்ளிகளுக்கு இடையே இரண்டு செங்கோண வளைவுகளுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு பெட்டி வைத்துவிடவேண்டும். குழாய் பதித்தவுடன் உள்ளே நைலான் கயிறு ஒன்றை விட்டு, இரு முனைகளையும் மூடிவிடவேண்டும். மூடாத முனைக்குள் பூச்சுக் கலவை இறங்கிக் காய்ந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்தக் குழாயில் ஒரு நூல்கூட நுழையாது. கொத்தனார் பூச்சைத் தொடங்கும் நாள் காலையில் ஒவ்வொரு கயிற்றையும் முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பது சில நிமிட வேலை.

மின்கம்பி ஓடும் குழாயில் நெட்வொர்க் கேபிளைச் சேர்த்து இழுக்கவே கூடாது. இரைச்சல் ஒரு காரணம்தான். மின்கம்பியின் உறை எங்காவது கிழிந்தால் கருவிகள் வழியே மின்னதிர்ச்சி வரக்கூடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். இரண்டு குழாய்களும் இணையாகப் போகுமிடங்களில் இடைவெளி விட்டும், குறுக்கிடும் இடங்களில் செங்கோணமாகவும் அமைக்கவேண்டும். இடைவெளி எவ்வளவு என்பதை அந்தந்த நாட்டின் மின்விதிகளே முடிவுசெய்யும்.

ஐந்தாம் படி: கேபிளைத் தேர்ந்தெடுத்தல்

கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் தாங்கும்; 2016இல் வந்த தரவரையறையின்படி 2.5 கிகாபிட்டும் அதில் ஓடும். கேட் 6 அதே தூரத்துக்கு 5 கிகாபிட்டும், ஏறத்தாழ 55 மீட்டர் வரை 10 கிகாபிட்டும் தரும். கேட் 6ஏ முழு 100 மீட்டருக்கும் 10 கிகாபிட் தரும்; ஆனால் தடிப்பானது, எளிதில் வளையாது, குழாயில் கூடுதல் இடம் பிடிக்கும். வீட்டுக்குள் எந்தப் பாதையும் 55 மீட்டரைத் தாண்டுவது அரிது என்பதால், பெரும்பாலான வீடுகளுக்குக் கேட் 6 போதுமானது. கேட் 8 என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது 30 மீட்டருக்குள் அடங்கும் தரவு மையங்களுக்காக உருவானது.

வகை எண்ணைவிட முக்கியமானது உள்ளே இருக்கும் உலோகம். அலுமினியத்தின் மேல் மெல்லிய செம்புப் பூச்சிட்ட கேபிள்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. அவை தரவரையறைக்கு உட்பட்டவை அல்ல. எளிதில் முறியும், மின்தடை அதிகம், கேபிள்வழியே மின்சாரம் கொடுக்கும்போது கூடுதலாகச் சூடேறும். ஒரு கம்பியின் முனையைக் கத்தியால் மெல்லச் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: செம்புநிறம் உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அந்தச் சுருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சுருளைக் கையில் தூக்கும்போதே, முழுச் செம்புக் கேபிளின் கனம் அதில் இருக்காது.

சுவருக்குள் போகும் கேபிளின் ஒவ்வொரு இழையும் ஒற்றைக் கம்பியாக இருக்கவேண்டும். பல நுண்கம்பிகளை முறுக்கிய நெகிழ்வான வகை, சுவர்முனைக்கும் கருவிக்கும் இடையிலான குட்டைக் கேபிளுக்கு உரியது. உலோகக் கவசமிட்ட கேபிளைச் சரியாக நில இணைப்புச் செய்யாவிட்டால் பயனில்லை, வீட்டுக்கு அது பெரும்பாலும் தேவையும் இல்லை. வெளிச்சுவரில் ஓடும் பகுதிக்கு வெயிலைத் தாங்கும் வெளிப்புறக் கேபிளையே பயன்படுத்தவேண்டும். தனியாக நிற்கும் இன்னொரு கட்டடத்துக்கு இணைப்பு வேண்டுமென்றால் கண்ணாடி இழையே பாதுகாப்பானது. இடி மின்னலும் நில இணைப்பு வேறுபாடும் அதைத் தாக்காது.

ஆறாம் படி: இழுத்தல், முனை கட்டுதல், சோதித்தல்

செங்கல், கான்கிரீட் வீட்டில் பூச்சு முடிந்து வண்ணம் அடிக்குமுன்னும், பலகைச் சுவர் வீட்டில் பலகை அடிக்குமுன்னும் கேபிளை இழுப்பது வசதியானது. இழுவிசை 110 நியூட்டனைத் தாண்டக் கூடாது. அது ஏறத்தாழ 11 கிலோ எடையைத் தூக்கும் விசை. கேபிள் சிக்கினால் பலங்கொண்டு இழுப்பதைவிடப் பின்னுக்குத் தள்ளி மீண்டும் முயல்வதே சரி. வளைவின் ஆரம் கேபிளின் விட்டத்தைப்போல் நான்கு மடங்கு இருக்கவேண்டும், கேட் 6க்கு அது 25 மில்லிமீட்டரளவு. சுவர்ப்பெட்டியில் ஒரு முழம், அலமாரியில் ஒன்றிரண்டு மீட்டர் என்று மிச்சம் விட்டு நறுக்கவேண்டும்.

முனை கட்டுவதில் பிழைகள் கூடும் இடம், முறுக்கைப் பிரிக்கும் இடம். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. அந்த முறுக்கே இரைச்சலை விலக்குகிறது. கம்பிகளை நேராக்க எளிதாக இருக்கும் என்று நீளமாகப் பிரித்துவிடக் கூடாது, 13 மில்லிமீட்டருக்குள் நிறுத்தவேண்டும். நிறவரிசைக்கு டி568ஏ, டி568பி என இரண்டு முறைகள் உண்டு. எதைப் பின்பற்றினாலும் கேபிளின் இரு முனைகளிலும் ஒன்றே இருக்கவேண்டும். சுவர்க் கேபிளின் முனையில் நேரடியாக பிளக் குத்துவதைவிட, சுவரில் ஜாக்கும் (பிளக் செருகும் துளை) அலமாரியில் பேட்ச் பேனலும் (அத்தகைய துளைகள் வரிசையாக உள்ள பலகை) வைப்பது நீடித்து உழைக்கும்.

பிறகு சோதனை. மலிவான விளக்குச் சோதனைக் கருவி, எட்டுக் கம்பிகளும் வரிசைப்படி போய்ச் சேர்கின்றனவா என்று சொல்லும். இணைகள் மாறிப் பின்னியிருப்பதை அது கண்டுபிடிக்காது. ஆகவே கிகாபிட் ஸ்விட்ச் ஒன்றையும் மடிக்கணினியையும் இரு முனைகளில் செருகி, இணைப்பு வேகம் என்ன என்று பார்க்கவேண்டும். 1000க்குப் பதில் 100 என்று வந்தால், பெரும்பாலும் ஒரு கம்பி விட்டிருக்கிறது என்று பொருள்: 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகளே போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். இணையம் வருகிறது என்று திருப்தியடைந்து இதைக் கவனிக்காமல் விட்ட வீடுகளில், பதித்த கேபிள் பல ஆண்டுகள் பத்தில் ஒரு பங்கு வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். கடைசியாக, இரு கணினிகளுக்கிடையே ஒரு பெரிய கோப்பை நகலெடுத்துப் பார்த்து, வேகம் நிலையாக நிற்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளலாம்.

ஏழாம் படி: வைஃபையை அமைத்தல்

கூரையின் ஆக்சஸ் பாயின்ட்டுக்கு அருகில் மின்பிளக் தேவையில்லை; பவர் ஓவர் ஈதர்நெட் வசதியுள்ள ஸ்விட்ச், தரவு போகும் அதே கேபிளில் மின்சாரத்தையும் அனுப்பும். 2003இல் வந்த தரவரையறை 15.4 வாட் வரையும், 2009இல் வந்தது 30 வாட் வரையும், 2018இல் வந்தது 90 வாட் வரையும் ஸ்விட்ச்சிலிருந்து தரும். வாங்குமுன் ஆக்சஸ் பாயின்ட் கேட்கும் அளவையும் ஸ்விட்ச்சின் மொத்தத் திறனையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்றை வைத்துக்கொண்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. ஒவ்வொரு மாடிக்கும் ஓர் ஆக்சஸ் பாயின்ட் வைத்தால், அருகருகே உள்ளவற்றுக்கு வெவ்வேறு சேனல் தரவேண்டும். ஆக்சஸ் பாயின்ட்டின் சிக்னல் வலிமையை உச்சத்தில் வைப்பதையும் தவிர்க்கவேண்டும். உச்சத்தில் வைத்தால் கைப்பேசி தொலைவிலுள்ளதையே பிடித்துக்கொண்டு, தலைக்கு மேலிருப்பதற்கு மாற மறுக்கும்.

மெஷ் என்ற பெயரில் விற்கப்படும், பல வைஃபை பெட்டிகள் கொண்ட தொகுப்புகள் கேபிள் இல்லாமலே வீடு முழுவதும் பரவும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு பெட்டி, கருவியோடு பேசும் அதே அலைவரிசையிலேயே அடுத்த பெட்டியோடும் பேசவேண்டியிருந்தால், ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. அதே பெட்டிகளைக் கேபிளால் இணைத்தால் இந்த இழப்பு இல்லை. வைஃபை 7க்கான சான்றளிப்பு 2024 ஜனவரியில் தொடங்கியது, அடுத்த தலைமுறையும் வரும். கூரைப் பெட்டியை அப்போது மாற்றினால் போதும், கேபிளைத் தொட வேண்டியதில்லை.

சுவரைத் திறக்க முடியாத பகுதிகள்

எல்லா அறைகளையும் ஒரே முறையில் புதுப்பிப்பவர்கள் குறைவு. தொடாத அறையில் பழைய தொலைக்காட்சி கோஆக்சியல் கேபிள் இருந்தால், மோக்கா மாற்றிகள் அதிலேயே நெட்வொர்க்கை எடுத்துச் செல்லும், அதன் 2.5 பதிப்பு 2.5 கிகாபிட் வரை தரும், நிலைத்தன்மையும் நன்றாக இருக்கும். மின்கம்பி வழியே அனுப்பும் பவர்லைன் கருவிகளை நான் கடைசியாகவே பரிந்துரைப்பேன். வீட்டின் மின்சுற்று எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் வேகம் பெரிதும் மாறும். சுவரடிப் பட்டைக்குப் பின்னாலோ மேலோட்டமான பிளாஸ்டிக் பாதையிலோ ஒரு கேபிளைக் கொண்டுபோவது பார்வைக்குச் சற்றுக் குறைதான், ஆனால் வேலைக்குக் குறையில்லை.

பதிவு

பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவை விரித்துச் சுவரோடு பிடித்தபடி புகைப்படம் எடுத்துவைக்கவேண்டும். குழாய் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் போகிறது என்பது படத்திலேயே தெரியவேண்டும். ஒவ்வொரு கேபிளின் இரு முனைகளிலும் ஒரே எண்ணை ஒட்டி, அந்த எண்களைத் தளவரைபடத்தில் குறித்து, நகலொன்றை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடவேண்டும். காலியாக விட்ட குழாய்களுக்கும் எண் இடவேண்டும், அவை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதும் அதே தாளில் இருக்கவேண்டும்.